பத்துக்குப் பன்னிரண்டு ஸ்டூடியோ

"அண்ணே, நல்லாத்தான் பாடியிருக்கீங்க. ஆனா தண்ணி டாங்கிக்குள்ள இறங்கி நின்னா பாடினீங்க?"

சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் இது. 2020-இல் ஊரடங்கு போட்டுப் பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்த நாட்களில், கிட்டார் வாசித்துப் பாடி, போனிலேயே பதிந்து, பெருமையோடு அவனுக்கு அனுப்பியிருந்தேன். அவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவன். சுருதி, தாளம் என்றெல்லாம் அவனிடம் பேச முடியாது. ஆனால் சொன்னது அவ்வளவும் சரி. ஹெட்போன் போட்டுக் கேட்டபோது அந்த டாங்கி எனக்கும் கேட்டது.

அன்றிலிருந்து அந்த டாங்கியை விட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. வழியில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால், நம் பக்கம் லயத்து அறையில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், உட்கார்ந்து பாடிப் பதிகிற யாருக்காவது உதவும். யூடியூபில் இதைச் சொல்லித் தருகிறவர்கள் எல்லாம் தரைவிரிப்பும் சோபாவும் உள்ள அறையில் இருந்துகொண்டு, "வீட்டில் அமைதியான அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஆரம்பிக்கிறார்கள். எங்களுக்குத் தேர்ந்தெடுக்க இருப்பதே ஒன்றுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேலே தகரம்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். கிட்டார் பழகியது மாதா கோயில் பாட்டுக் குழுவில். எங்கள் வீடு லயத்தின் கடைசி வீடு. ஒரு பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டோடு சேர்ந்தது. பதிவு செய்கிறவனுக்கு அது பெரிய பாக்கியம்.

எல்லாரையும் போல நானும் முதலில் மைக்கைத்தான் குறை சொன்னேன். கண்டியில் ஒருவர் விற்ற பழைய கண்டென்சர் மைக்கும், அதை லேப்டொப்போடு இணைக்கிற சின்ன இன்டர்ஃபேஸும் வாங்கினேன். விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டில் இன்னும் தெரியாது. பாடிப் பதிந்து கேட்டால் டாங்கி அப்படியே இருந்தது. முன்பு மங்கலாக இருந்த டாங்கி இப்போது தெளிவான டாங்கி. கூடவே முன்பு கேட்காததெல்லாம் கேட்டது. பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளிப்பது, அடைக்குள் கோழி அசைவது, ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற பெரிய விசிறிகளின் ஊமை இரைச்சல். அப்புறம் என்னவென்றே தெரியாத ஒரு 'டிக்... டிக்'.

அந்த டிக் எங்கிருந்து வருகிறது என்று மூன்று நாள் தேடினேன். கிட்டாரின் ஆணியோ, நாற்காலியோ, லேப்டொப்போ என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். கடைசியில் அது கூரை. பகலெல்லாம் காய்ந்த தகரம், பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது ஆணி அடித்த இடமெல்லாம் சொடக்குப் போடுகிறது. வெயில் நாளில் இருட்டி ஒரு மணி நேரம் வரை இந்தக் கச்சேரி நடக்கும். பிறந்ததிலிருந்து இந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறேன், அதுவரை ஒருநாளும் அது என் காதில் விழுந்ததில்லை. இப்போதெல்லாம் பாடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து வெறும் அறையைப் பதிகிறேன். அதை ஹெட்போனில் கேட்ட பிறகுதான் கிட்டாரை எடுப்பேன்.

அடுத்தது கிட்டாரின் ஏ கம்பி, மேலிருந்து இரண்டாவது, கணக்கில் ஐந்தாவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதிவுகள் மாறத் தொடங்கியது இங்கேதான்.

ஏ மைனர் கோர்ட் பிடிக்கும்போதெல்லாம் ஐந்தாவது கம்பி மட்டும் 'ம்ம்ம்' என்று குமுறியது. மற்றக் கம்பிகள் ஓய்ந்த பிறகும் அது ஓயாது. பாட்டு அந்த இடத்துக்கு வந்தாலே குரல் அதற்குள் மூழ்கிவிடும். கம்பியில்தான் குறை என்று நினைத்துப் புதுக் கம்பி போட்டேன். அதுவும் குமுறியது. கிட்டாரின் பெட்டியில் குறை என்று நினைத்தேன். அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய் அதே கம்பியை மீட்டினேன். குமுறல் இல்லை. உள்ளே வந்தால் குமுறல். வெளியே போனால் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாடா, கிட்டாருக்குக் காத்து வாங்கவா கூட்டிட்டுப் போற?" என்றார். பிறகு உள்ளேயே, கிட்டார் கழுத்தின் இரண்டாவது ஃப்ரெட்டில் (கட்டையில்) கேப்போ போட்டு வாசித்தேன். எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்திச் சுருதியை ஏற்றுகிற கவ்வி அது. குமுறல் காணாமல் போனது.

அப்படியென்றால் குறை கிட்டாரில் இல்லை, அறையில். அதுவும் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற கணக்கு அன்றைக்கு எனக்கே உதவியது. அறையின் அகலம் பத்தடி, 3.05 மீட்டர். ஒலி ஒரு சுவரில் புறப்பட்டு எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வர 6.1 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 340-ஐ 6.1-ஆல் வகுத்தால் 56-க்குக் கொஞ்சம் குறைவு. நொடிக்கு அத்தனை முறை அதிர்கிற ஒலி சுவருக்குச் சுவர் மோதிக் கலையாமல் அந்த அறையில் தங்கி நிற்கும். அதன் இரண்டு மடங்கும் அப்படித்தான், மூன்று மடங்கும் அப்படித்தான். இரண்டு மடங்கு என்றால் 111, 112. கிட்டாரின் ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 அதிர்வு. கேப்போ போட்டால் அது 123-க்குப் போய்விடுகிறது, அதனால் அறை அதைக் கண்டுகொள்வதில்லை. லயம் கட்டிய வெள்ளைக்காரத் துரை கிட்டாரை நினைத்திருக்க மாட்டார். ஆனால் கட்டி வைத்தது என்னவோ ஏ சுருதியில்.

அடுத்த கேள்வி, நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பது. அறையின் நட்ட நடுவில். இந்த 112 உச்சத்தில் நிற்கிற மூன்று இடங்கள் இரண்டு சுவர்களின் ஓரமும், நடுவும். சுவருக்கும் நடுவுக்கும் இடையில், அதாவது சுவரிலிருந்து இரண்டரை அடியில், அது படுத்துவிடும். நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டேன். மைக்கையும் சுவரிலிருந்து அதே இரண்டரை அடிக் கோட்டில், பன்னிரண்டடி நீளத்தைப் பார்த்து வைத்தேன். அதே கிட்டார், அதே மைக், அதே ஏ மைனர். குமுறல் பாதிக்கு மேல் போய்விட்டது. செலவு, சாக்பீஸ் ஒரு துண்டு. தரையில் அந்தக் கோட்டைப் போட்டு வைத்தேன். அம்மா காலையில் கூட்டும்போது அதையும் சேர்த்து அழித்துவிடுவார், நான் சாயந்தரம் திரும்பப் போடுவேன்.

உங்கள் அறை எட்டடியோ பதினொன்றோ, அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்கு பிடிக்காதவர்கள் கிட்டாரோடு அறைக்குள் ஒரு நடை நடந்து வாசித்துப் பாருங்கள், காது சொல்லும்.

சரி, குமுறல் அடங்கியது. டாங்கி? அது வேறு விஷயம். கைதட்டிப் பார்த்தால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். வெறும் சிமெந்துச் சுவர், சிமெந்துத் தரை, தகரக் கூரை. குரல் போய் அடங்க ஓரிடமும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று கடைகளில் கெஞ்சி அறுபது முட்டை அட்டை வாங்கி வந்து ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கைதட்டலில் ஏதோ கொஞ்சம் மாறியது, பாட்டில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் ஒரு துளியும் குறையவில்லை. கரப்பான் பூச்சிகள் மட்டும் குடும்பத்தோடு குடியேறின. அட்டை மெல்லியது, கனமில்லாதது. அதனால் ஒலியை விழுங்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

உதவியது கம்பளி. மெல்லிய போர்வை இல்லை, நல்ல கனமான கம்பளி. இரண்டாக மடித்து, சுவரை ஒட்டாமல் நாலைந்து அங்குலம் தள்ளிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழ்ச் சுரம் வரைக்கும் விழுங்குகிறது. 112-இன் குமுறலைக் கம்பளி தொடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அலையின் நீளமே மூன்று மீட்டர், அதற்குக் கம்பளி ஒரு பொருட்டில்லை. தும்பு மெத்தை ஒன்றை மூலையில் நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் பலன் தெரிந்தது.

எங்கே தொங்கவிடுவது என்பதில் ஒன்றரை வருடம் ஏமாந்தேன். மைக்குக்குப் பின்னால் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். அது மோசமில்லை. ஆனால் கார்டியாய்ட் வகை மைக் முன்பக்கம் பார்க்கிற மைக். அது பார்ப்பது பாடுகிறவரை. அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. ஆகவே கைவசம் ஒரே ஒரு கம்பளி இருந்தால் அது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். இடம் மாற்றிய அன்று இரவே ஒரு பதிவை அனுப்பினேன். சித்தப்பா மகன், "டாங்கிய வித்துட்டீங்களா?" என்றான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மேயிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் மைக் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடி. எங்கள் பக்கம் கூரை அமைதியாக இருப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வானம் துடைத்து விட்ட மாதிரி இருக்கும். அந்த வானத்தால்தான் குளிரும். நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவது இதே மாதங்களில்தான். அதாவது, வீட்டுக் கம்பளி முழுக்க எனக்குத் தேவைப்படுகிற அதே இரவுகளில் வீட்டில் எல்லாருக்கும் அது தேவைப்படுகிறது. அதிலும் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் சரியான இரவு. அன்று மலைக்கு லீவு, கொழுந்து இல்லை, ஸ்டோர் விசிறிகளும் நின்றிருக்கும். மறுநாள் விடிய எழும்பிப் பள்ளிக்கூடம் போக வேண்டியவன் நான் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மைக் வைக்கிற இடத்துக்கு வருகிறேன். கிட்டாரில் ஓட்டை இருக்கிறது, சத்தம் அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே மைக்கும் அங்கேதான் என்று நானும் வைத்தேன். அங்கே வருவது பெட்டிக்குள் இருக்கிற காற்றின் 'பூம்'. விரல், கம்பி, மரம் எல்லாம் கலந்து வருவது கழுத்து உடலோடு சேருகிற இடத்தில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்த்து, ஒரு சாண் தள்ளி மைக்கை வையுங்கள். கூர்மை அதிகம் என்றால் உடல் பக்கம் லேசாகத் திருப்புங்கள். இரண்டு அங்குலம் நகர்த்துவதில் வருகிற வித்தியாசத்தை, பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் கொண்டுவர முடியவில்லை.

குரலுக்கும் ஒரு சாண்தான் எனக்குச் சரி. மைக்கை விழுங்குகிற மாதிரிக் கிட்டப் போனால் அடிக்குரல் வீங்கும். இந்த மாதிரி மைக்கின் குணம் அது. வானொலி அறிவிப்பாளர் மாதிரிக் கேட்க ஆசை என்றால் போகலாம். தள்ளிப் போனால் அறை உள்ளே வரும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் உங்கள் குரல் 6 டெசிபல் இறங்குகிறது, அறையின் எதிரொலி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. டாங்கி என்று சித்தப்பா மகன் சொன்னது பாதி இதுதான். அன்றைக்குப் போனை அலமாரி மேல் வைத்துவிட்டு ஆறடி தள்ளி உட்கார்ந்து பாடியிருந்தேன்.

'ப' வருகிற இடத்தில் மைக்கில் காற்று அடிக்கும். தமிழ்ப் 'ப'வில் ஆங்கிலத்தில் போல மூச்சைத் துப்புவதில்லை, அதனால் நமக்குத் தொல்லை குறைவுதான். ஆனால் உணர்ச்சி கூடிப் பாடும்போது 'பூ'வும் 'பொன்'னும் போய் இடிக்கும். அதற்கு வட்டமான துணித் தடுப்பு விற்கிறார்கள். நான் தேத்தண்ணி வடிக்கிற துணியைக் கம்பி வளையத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். புதுத் துணி, பாவித்த துணி வாசம் அடிக்கும். வாய்க்கு முன்னால் துணியைப் பிடித்து, மறுபக்கம் கையை வைத்துப் 'பூ' என்று சொல்லிப் பாருங்கள். கையில் காற்று படாமல் சத்தம் மட்டும் வந்தால் அந்தத் துணி தேறியது. இன்னொரு வழி, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து வாயைப் பார்க்க விடுவது. 'ச'வின் கீச்சும் அதில் குறையும்.

என் வாழ்நாளில் நான் பாடிய ஆகச் சிறந்த ஒரு பாட்டு கெட்டுப்போனது சத்த அளவால். ஒத்திகையில் மெதுவாகப் பாடி கெயினை, அதாவது மைக் சத்தத்தை எவ்வளவு கூட்டி எடுப்பது என்கிற குமிழை, ஏற்றி வைத்திருந்தேன். உண்மையாகப் பாடும்போது சரணத்தில் ஆவேசம் வந்துவிட்டது. இன்டர்ஃபேஸின் சிவப்பு லைட் எரிந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். உச்சத்தில் குரல் கிழிந்து கரகரத்தது. அப்படிக் கிழிந்ததைத் தைக்க உருப்படியான வழி இல்லை. இப்போது பாட்டின் ஆக உரத்த வரியைத்தான் முதலில் பாடி அளவு பார்க்கிறேன். அளவு காட்டுகிற முள் மைனஸ் 10 டெசிபலுக்கு மேல் ஏறாத மாதிரி வைக்கிறேன். 24 பிட்டில் பதிந்தால் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

கரண்ட் இரைச்சல் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் 'ஹம்' 50-இலும் 100-இலும் வந்து உட்காரும். என் வீட்டில் அதற்கு மூலம் லேப்டொப் சார்ஜர். அதைக் கழற்றினால் ஹம் போகிறது. பேட்டரியில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், அதற்குள் முடிக்க வேண்டும். ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுவேன். திரும்பப் போட மறந்த அன்றைக்கு நடந்ததை எழுத விரும்பவில்லை. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் மைக் வயருக்குப் பக்கத்தில் அது 'டட்-டட்-டட்' என்று சொல்லும். எல்லாவற்றையும் விட அமைதியான பதிவுகள் எனக்குக் கிடைத்தது 2022 மார்ச் கடைசியில். நாளுக்குப் பத்து மணி, பதின்மூன்று மணி என்று கரண்ட் வெட்டிய நாட்கள். லயம் முழுக்க டீவி இல்லை, மோட்டர் இல்லை, பல்ப் இல்லை. காஸ் இல்லை, பால்மா இல்லை, அதையும் மறக்கவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் பேட்டரி இருக்கும் வரை பாடினேன். அந்த மூன்று பாட்டுகளில் ஹம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

கம்பி விஷயத்தில் மலைநாட்டுக்காரர்கள் கொடுத்து வைக்காதவர்கள். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். கிட்டாருக்கு 45-இலிருந்து 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்கிறார்கள், எங்களுக்கு மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். மரம் ஊதிக் கம்பி மேலே எழும்பிவிடும், கம்பி துருப்பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து கிட்டார் பையில் போட்டு வைக்கிறேன். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைப்பேன். பதிகிற நாளுக்கு இரண்டு நாள் முன்பு புதுக் கம்பி, அது நீண்டு அடங்க அவகாசம் வேண்டும். ஒவ்வொரு முறை பாடுவதற்கு முன்பும் சுருதி பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்றுதான் சொல்கிறேன். ராத்திரி குளிர் ஏற ஏற சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும்.

மென்பொருளில் நான் பெரிய ஆள் இல்லை. ஒடாசிட்டி இலவசம், எனக்கு அது போதும். கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிறேன், ஆறாவது கம்பியே 82-இல்தான் இருக்கிறது, அதற்குக் கீழே இருப்பது ஸ்டோர் விசிறி. குரலில் 100-க்குக் கீழே. 250, 300 பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் மந்தம் விலகும். சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த லேசாகக் கம்ப்ரெஸர், செயற்கை எதிரொலிக்கு லேசாக ரிவேர்ப். ரிவேர்ப் போதும் என்று தோன்றிய இடத்திலிருந்து பாதியாகக் குறைத்துவிடுவேன், டாங்கியில் இருந்து வந்தவனுக்கு அந்தப் பயம் போகாது. இரைச்சல் நீக்குகிற வசதியைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். முதலில் கண்டுபிடித்தபோது எல்லாவற்றிலும் அதைத் தேய்த்தேன். சில்வண்டுச் சத்தத்தை எடுக்கப் போய், குரல் தண்ணீருக்குள் கொப்பளிக்கிற மாதிரி ஆனது. சில்வண்டே தேவலை.

போன் மட்டும் இருக்கிறவர்களும் மேலே சொன்னதில் முக்கால்வாசியைச் செய்யலாம். சத்தத்தைச் சுருக்காமல் வேவ் கோப்பாகப் பதிகிற ஆப் ஒன்றைப் போட்டு, போனின் அடிப்பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி ஒன்றரை அடியில் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியூமென்டாக அனுப்புங்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, போன பிப்ரவரியில் அம்மாவைப் பதிந்தேன். முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தவர். மலையில் பாடிய பாட்டுகள், எங்களைத் தூங்க வைத்த தாலாட்டு, எல்லாம் நினைவில் இருக்கிறது. நான் முறையாக எல்லாம் செய்தேன். அறையைக் கேட்டேன், கோடு போட்டேன், சார்ஜரைக் கழற்றினேன். அம்மா காதில் ஹெட்போனை வைத்து, அதில் தாளத்துக்குக் 'கிளிக் கிளிக்' என்று அடிக்கிற மெட்ரோனோம் போட்டேன், முதலில் கிட்டார், பிறகு குரல் என்று தனித்தனியாகப் பதிகிற திட்டம். அம்மா இரண்டு வரி பாடி நிறுத்தினார்.

"யாருடா கதவத் தட்டுறது?"

மெட்ரோனோமைச் சொல்கிறார். விளக்கினேன். மறுபடி பாடினார். வரி முடிகிற இடத்தில் மூச்சு எடுத்து, அடுத்த வரிக்கு வருவதற்குள் கிளிக் இரண்டு தாண்டிப் போய்விட்டது. அந்தப் பாட்டில் தாளம் என்பது கை கொழுந்தில் போகிற வேகம். தேயிலைச் செடி நிரை முடிந்து திரும்புகிற இடத்தில் பாட்டும் நிற்கும். அதை நிமிடத்துக்கு 72 கிளிக்கில் கட்டிப்போடப் பார்த்தது என் முட்டாள்தனம். ஹெட்போனை எடுத்துவிட்டேன். தனித்தனித் திட்டத்தையும் விட்டேன்.

ஒரே மைக், இருவரும் சேர்ந்து. அம்மாவை மைக்குக்கு நேரே நிற்க வைத்தேன், உட்கார்ந்தால் குரல் மடங்குகிறது. நான் எதிரில் கிட்டாரோடு, மைக்கின் பக்கவாட்டில். குரலுக்கும் கிட்டாருக்கும் அளவு சரிசெய்ய எந்தக் குமிழும் இல்லை, நான் முன்னால் பின்னால் நகர்வதுதான் குமிழ். நாலு முறை நகர்ந்தேன். சுருதியும் அப்படியே. அம்மா எடுக்கிற இடத்தை ட்யூனரில் பார்த்து கேப்போவை நகர்த்தினேன். அடுத்த முறை அவர் அரைச் சுரம் மேலே எடுப்பார், நானும் ஏறுவேன்.

எதிர்பாராதது குரலின் பலம். என் குரலுக்கு வைத்த கெயினில் முதல் வரியிலேயே சிவப்பு. குறைத்தேன். மறுபடி சிவப்பு. "கொஞ்சம் மெதுவா பாடும்மா" என்றேன். "மெதுவா பாடினா எதிர் மலைக்கு எப்படிடா கேட்கும்?" என்றார். நூறு இருநூறு அடி தள்ளி இன்னொரு நிரையில் நிற்கிறவள் பதில் பாட வேண்டும் என்று எறிகிற குரல் அது. பத்தடி அறைக்குள் அதைப் பாதியாக்கினால் பாட்டே வேறாகிவிடுகிறது, ஒரு முறை முயன்று பார்த்தோம், அது அம்மா மாதிரியே இல்லை. ஆகவே என் ஒரு சாண் விதியை விட்டு, மைக்கை இரண்டரை அடிக்குத் தள்ளி வைத்தேன். தள்ளினால் அறை உள்ளே வரும். அறை வராமல் இருக்க அம்மாவின் பின்னால் இன்னும் கம்பளி வேண்டும். என்னுடையது, தம்பியுடையது, அம்மாவுடையது மூன்றும் ஏற்கெனவே கயிற்றில். மிச்சம் இருந்தது அப்பாவுடையது, தாத்தா காலத்துக் கறுப்புக் கம்பளி. வீட்டிலேயே கனமானது அதுதான். அப்பா அதைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு விறகை உள்ளே தள்ளினார்.

அன்றைக்கு ஐந்து பாட்டு பதிந்தோம். நான்காவதுதான் நன்றாக வந்தது. அதில் இரண்டாவது நிமிடத்தில் என் கிட்டார் ஓரிடத்தில் தவறுகிறது, அம்மா தவறவில்லை. பாட்டு முடிந்து கம்பி ஓய்வதற்காக நான் கையை உயர்த்திக் காட்டி, எல்லாரும் அசையாமல் இருக்கிற ஆறேழு நொடி அப்படியே பதிவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல்.

"முடிஞ்சுதா? முடிஞ்சா என்னுதக் கழட்டிக் குடுடா. அவ முதுகுக்குப் பின்னால இருக்குதே, அது."